நரை மறைத்த வரலாறு

சோழன் கரிகாலன் இளம் பருவத்திலேயே அரசு கட்டில் ஏறியவன். வழக்கு ஒன்றைத் தீர்த்துக்கொள்ள அவனுடைய அவைக்கு வந்த முதியோர், ‘இவ்விளைஞனா நமக்கு முறை வழங்கப் போகின்றான்?’ என்று தயங்கினராம். அதனை உணர்ந்த மன்னன் நரைமுடி புனைந்து, முதியவன் கோலத்தில் வந்து அமர்ந்து, அவர்கள் உவக்குமாறு தீர்ப்புரைத்தானாம். பழமொழி நானூறு என்னும் நூலில் இச்செய்தி காணப்படுகின்றது. ஔவையாரைப் பற்றியும் நாட்டில் ஒரு கதை வழங்குகின்றது. இளமையில் பெற்றோர் மணம் பேசியபோது, அதிலிருந்து தப்பும்பொருட்டு அவர் முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது அக்கதை.

அரசன் ஒருவனுக்கு நரை நீதி வழங்கப் பயன்பட்டது. புலமை வாய்ந்த பெண் ஒருத்திக்கோ மணமேடையிலிருந்து தப்பிக்கப் பயன்பட்டது. இவை நடந்தவையா, புனைந்தவையா என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதில்லை. இவற்றால் நாம் அறிவது ஒன்றுண்டு. நரை என்பது முடியின் நிறமாற்றம். அதற்கு மதிப்பும் இழிவும் கற்பிப்பது சமுதாயம்.

இன்று நாம் காண்பது கரிகாலன் செய்ததற்கு நேர்மாறானது. வேலை தேடிச் செல்லும் ஐம்பது வயதினர், முதலாளி தம்மைக் கிழவரென்று ஒதுக்கிவிடுவாரோ என அஞ்சி நரையை மறைக்கின்றனர். ஆண் நரைத்தால் அனுபவசாலி என்கின்றனர். பெண் நரைத்தால் அவளுக்கு அழகு போயிற்று என்கின்றனர். இருவர் தலையிலும் இருப்பது ஒரே வெண்மைதான். ஆயினும் சாயக் கிண்ணத்தை எடுக்கும் கட்டாயம் பெண்ணுக்கே மிகுதியாக இருக்கின்றது. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் நோய்க்குப் பின்னும் முடி மெலிந்து உதிர்ந்த நிலையிலுங்கூட, இருக்கும் சிறு கூந்தலின்மேல் மாதந்தோறும் சாயம் பூசிக்கொள்ளும் தாய்மார் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் உள்ளனர்.

சாயமிடுவது தவறென்று கூற நாம் முன்வரவில்லை. இட்டே ஆகவேண்டுமென்று வற்புறுத்தவும் இல்லை. அவரவர் தலை அவரவர்க்கு உரிமை. ஆனால், கடைகளில் தொங்கும் சாயப் பொட்டலங்களில் ‘தீங்கற்றது’, ‘மென்மையானது’, ‘இயற்கையானது’ என்று அச்சிட்டிருக்கின்றார்களே, அச்சொற்களின் வரலாறு யாது? அவற்றை நம்பியவர் பெற்றது என்ன, இழந்தது என்ன? இதனை ஆராய்வதே நமது நோக்கம்.

முடியின் இயல்பு

வரலாற்றுக்குள் புகுமுன் முடியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். தலைத்தோலுக்கு மேலே நாம் காணும் முடி உயிரற்ற பொருள். கெரட்டின் என்னும் புரதத்தால் ஆயது. அதன் வெளிப்புறத்தை, மீன் செதில் போன்ற நுண்ணிய தகடுகள், கூரை ஓடுகளை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்கின்றன. உள்ளே தண்டுப் பகுதி. மெலனின் என்னும் நிறப்பொருள் அதிலேதான் தங்கியிருக்கின்றது. தோலில் கீறல் பட்டால் உடல் அதனை ஆற்றிக்கொள்ளும். முடியில் செதில் பெயர்ந்தால் அஃது ஆறுவதில்லை. புதுமுடி வளர்ந்து வரும்வரை அச்சேதம் அப்படியே நிற்கும். மெல்லிய முடிக்கு உள்தண்டு சிறியது. எனவே தடித்த முடி தாங்கும் சேதத்தை மெல்லிய முடி தாங்குவதில்லை. செதில் பெயர்ந்த முடி சாயத்தை விரைந்து குடிக்கும். விரைந்து இழக்கவும் செய்யும்.

நரை எதனால் வருகின்றது? வேரிலே நிறம் ஊட்டும் உயிரணுக்கள் புதுப்பிக்கப்படாமல் குன்றிவிடுவதால் வருகின்றது. கோப்பெருஞ்சோழனின் நண்பரான பிசிராந்தையார், ஆண்டு பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறியிருக்கின்றார். மனைவியும் மக்களும் மாட்சிமை உடையவர். ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர். மன்னன் அல்லவை செய்யாதவன். ஊரிலே சான்றோர் பலர் உளர் என்பது புறநானூற்றில் அவர் தந்த விடை. கவலையின்மையே நரையின்மை என்றார். 2020-ம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கடுந்துன்பத்துக்கு ஆளான எலிகளின் வேர்களில் நிறம் தரும் மூல உயிரணுக்கள் நரம்புத் தூண்டுதலால் அழிந்து, உரோமம் வெளுத்ததைக் கண்டறிந்து வெளியிட்டனர். இதனைக்கொண்டு சங்கப் புலவர் உயிரணு நூல் கற்றிருந்தார் எனப் பெருமை பேசுவது அறிவுடைமையாகாது. அவர் வாழ்க்கையைக் கண்டு சொன்னார். இவர்கள் சோதித்துச் சொன்னார்கள். இரண்டுக்கும் தனித்தனி மதிப்புண்டு.

ஈயமும் அட்டையும்

நரையை மறைக்கும் முயற்சி மிகப் பழமையானது. கி.மு. 1550-ஐ ஒட்டிய காலத்தில் எகிப்தில் எழுதப்பட்ட ஏபர்ஸ் ஏட்டுச்சுருளில், நரையைத் தடுக்கும் மருந்துகள் கூறப்பட்டுள்ளன. கறுப்பு மாட்டின் குருதியை எண்ணெயில் காய்ச்சித் தடவுக என்பது அவற்றுள் ஒன்று. கறுத்த விலங்கின் கருமை தலைக்கு இறங்கும் என்பது அக்கால நம்பிக்கை. அது மந்திரமேயன்றி மருத்துவமன்று.

கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட ரோமானிய அறிஞர் பிளினி, தம் பெருநூலில் ஒரு முறையைக் குறித்து வைத்திருக்கின்றார். அட்டைகளைக் காடியில் இட்டு, ஈயப் பாத்திரத்தில் பல நாள் அழுகவிட்டு, வெயிலில் நின்று தலையில் பூசிக்கொள்ள வேண்டும். பூசும்போது வாயில் எண்ணெய் அடக்கிக்கொள்ளாவிடில் பல்லும் கறுத்துவிடும் என்ற எச்சரிக்கையும் அங்கே உண்டு! இதைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் அக்காலத்தில் வழங்கிய ஈயச் சாயம் வேலை செய்தது என்பதே உண்மை. ஈய ஆக்சைடையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினால், ஈயம் முடிக்குள் இருக்கும் கந்தகத்தோடு கூடி, நுண்ணிய கரும்படிகங்களாக உறைகின்றது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பிலிப் வால்தரும் அவரது குழுவினரும் இதனைச் சோதித்து 2006-ம் ஆண்டில் வெளியிட்டனர்.

முடி கறுத்தது மெய். ஈயம் நஞ்சு என்பதும் மெய். பயன் கண்ணுக்குத் தெரிந்தது, கேடு தெரியவில்லை. ஆகையால் அச்சாயம் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றது. ஈயக் கலவையுள்ள, நாள்தோறும் தடவி மெல்ல மெல்லக் கருமையாக்கும் நீர்மங்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் விற்பனையில் இருந்தன. அவற்றுக்கு வழங்கிய அனுமதியை விலக்கிக்கொள்ள அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆட்சித்துறை 2018-ம் ஆண்டில்தான் ஆணை பிறப்பித்தது. பிளினியின் காலத்துக்கும் அந்த ஆணைக்கும் இடையே பத்தொன்பது நூற்றாண்டுகள்!

ரோமாபுரியிலிருந்து இன்னொரு சான்றும் நமக்குக் கிடைக்கின்றது. கவிஞர் ஓவிட், தம் காதலியின் கூந்தல் முற்றும் உதிர்ந்துபோனதைப் பற்றி ஒரு பாடல் செய்திருக்கின்றார். அவள் கூந்தல் சீனத்துப் பட்டினும் ஒப்பச் சொல்லத்தக்க மெல்லிய கூந்தல். சாயமிடுவதை விட்டுவிடு என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். அவள் கேளாமல் சாயமிட்டாள். சூட்டுக்கோலால் சுருட்டவும் செய்தாள். முடிவில், போரில் பிடிபட்ட ஜெர்மானியப் பெண்களின் கூந்தலை வாங்கி அணியும் நிலைக்கு வந்தாள். மெல்லிய கூந்தல், அடுத்தடுத்த சாயம், சூடு ஆகிய மூன்றும் கூடினால் விளைவது யாது என்பதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சாட்சியம் இது. தோற்ற நாட்டுப் பெண்ணின் தலைமுடி வென்ற நாட்டுப் பெண்ணின் தலையில் ஏறியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இலைச் சாயம்

கிழக்கு நாடுகளில் மருதாணியும் அவுரியும் வழங்கின. மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் பொருள் கெரட்டினோடு பற்றிக்கொள்கின்றது. செதில்களைத் திறந்து உள்ளே புகாமலே நிறம் ஏற்றுவதால் முடிக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது தரும் நிறம் செம்மையே. அதன்மேல் அவுரி இலைப்பொடியைப் பூசினால் கருமை கிட்டும். அவுரியோ நம்மவர் துணிக்கு நீலம் தோய்த்த செடி; 1897-ம் ஆண்டில் ஜெர்மானியத் தொழிற்சாலையின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் இந்தியாவில் அதன் பயிர்த்தொழில் வீழ்ந்தது.

இலைச்சாயத்துக்குப் பொறுமை வேண்டும். மணிக்கணக்கில் தலையில் வைத்திருக்க வேண்டும். இப்பொறுமையின்மையைக் கண்ட வணிகர் சிலர், மருதாணிப் பொடியில் உலோக உப்புக்களையும் செயற்கைச் சாயங்களையும் கலந்து ‘கறுப்பு மருதாணி’ என விற்கத் தலைப்பட்டனர். தனி மருதாணி கறுப்பு நிறம் தருவதில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். சில நிமிடங்களில் கறுக்கும் பொடி எதுவாயினும், அதில் இலையன்றி வேறொன்றும் இருக்கின்றது என்பது திண்ணம்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். கரிசலாங்கண்ணித் தைலமும் நெல்லிக்காய்த் தைலமும் நரைத்த முடியை மீண்டும் கறுப்பாக்கும் என்பார் பலர். முடி உயிரற்றதாதலின், வெளியே வந்துவிட்ட நரைக்கு எந்தத் தைலமும் மெலனினைத் திருப்பித் தருவதில்லை. ஆயினும் எண்ணெய் தேய்க்கும் வழக்கம் பயனற்றதன்று. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊறி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கின்றது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை. இது 2003-ம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு. நம் பாட்டிமார் செய்தது நிறத்துக்கு உதவாவிடினும் உறுதிக்கு உதவியது.

கரியெண்ணெயிலிருந்து கருங்கூந்தல்

1856-ம் ஆண்டில், லண்டனில் பதினெட்டு வயது மாணவர் வில்லியம் பெர்க்கின், மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னாவைச் செயற்கையாக உண்டாக்க முயன்றார். மலாயாத் தோட்டங்களைத் திறந்த காலத்தில் நம் முன்னோரை வாரிக்கொண்டு போன அதே காய்ச்சல்! கொய்னா கிட்டவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த அனிலீனோடு நடத்திய அச்சோதனையில் ஊதாச் சாயம் ஒன்று கிட்டியது. செயற்கைச் சாயத்தொழில் அதனோடு பிறந்தது. அவருடைய ஆசிரியர் ஹாஃப்மன் 1863-ம் ஆண்டில் பாரா-பினிலீன்-டையமின் என்னும் பொருளை விவரித்தார். நிறமற்ற இப்பொருள், ஆக்சிஜனோடு கூடியவுடன் கருநிறம் கொள்வது. 1883-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நிறுவனம் ஒன்று அதனை முடிச்சாயமாகப் பயன்படுத்த உரிமை பெற்றது.

இதற்குத் துணை நின்ற மற்றொரு பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. பிரெஞ்சு இரசாயனி தெனார் 1818-ம் ஆண்டில் கண்டது. 1867-ம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சியில், லண்டன் மருந்து வணிகர் ஒருவரும் பாரிஸ் முடிதிருத்துவோர் ஒருவரும் இதனால் கூந்தலை வெளுப்பித்துக் காட்டினர்.

இவ்விரண்டையும் சேர்த்ததே இன்றைய நிலைச்சாயத்தின் அடிப்படை. அம்மோனியா போன்ற காரம் செதில்களைத் தூக்குகின்றது. சாயத்தின் சிறு மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பெரிய நிறமூலக்கூறுகளாக்குகின்றது. பெரியனவாகிவிட்டமையால் அவை வெளியே வர இயலாமல் தங்கிவிடுகின்றன. சாயம் நிலைக்க வேண்டுமாயின் கதவைத் திறந்தே ஆகவேண்டும். திறக்குந்தோறும் கதவு தேய்ந்தே ஆகவேண்டும். ‘அம்மோனியா இல்லாதது’ என்று விற்கப்படும் பல சாயங்களில் வேறொரு காரம் அதே வேலையைச் செய்கின்றது. வாடை இல்லையென்பதால் தேய்மானம் இல்லையென்று ஆகிவிடாது.

இந்நிலையில்தான், பலகாரக் கடைக்காரரின் மகனும் இளம் இரசாயனியுமான யூஜின் ஷ்வெல்லர் 1907-ம் ஆண்டில் பாரிஸில் ஒரு சாயத்தை அமைத்தார். இரவில் தம் சிறு வீட்டில் கலந்து, பகலில் முடிதிருத்துவோரிடம் கொண்டுபோய் விற்றார். 1909-ம் ஆண்டில் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள்: ‘தீங்கற்ற முடிச்சாயப் பிரெஞ்சுச் சங்கம்’! பிற்காலத்தில் லோரியால் என்று உலகறிந்த நிறுவனம் அதுவே. தீங்கற்றது என்பதையே பெயராகச் சூட்ட நேர்ந்தது ஏன்? அதுவரை வந்தவை தீங்குடையன என்பதை வாங்குவோர் தம் தோலாலும் முடியாலும் அறிந்திருந்தமையால் அன்றோ?

சட்டம் பிறந்த விதம்

‘தீங்கற்றது’ என்னும் சொல்லைச் சோதிக்க அக்காலத்தில் சட்டமில்லை. அமெரிக்காவில் 1933-ம் ஆண்டில் லாஷ் லூர் என்னும் கண்ணிமைச் சாயம் விற்பனையில் இருந்தது. பாரா-பினிலீன்-டையமின் கலந்த அதனை இமையிலிட்ட பெண்ணொருத்தி பார்வை இழந்தாள், மற்றொருத்தி உயிரிழந்தாள். அரசின் மருந்து ஆட்சித்துறையினர், விபத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைத்தனர். ஆனால் அழகுப்பொருளைத் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் தந்த சட்டம் 1938-ம் ஆண்டில் நிறைவேறியது. அப்போதும் தலைமுடிக்கான தார்ச்சாயங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எச்சரிக்கையையும், முன்கூட்டித் தோலில் சோதித்துப் பார்க்கும் முறையையும் பொட்டலத்தில் அச்சிட்டால் போதும் என்றனர். இன்று நாம் படிக்காமல் கிழித்தெறியும் அந்தச் சிறு காகிதம், கண்ணிழந்தவர்களின் துன்பத்திலிருந்து பிறந்தது என்பதை அறிதல் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பிற்காலத்தில் இப்பொருளுக்கு நூற்றுக்கு 2 என உச்ச அளவு விதித்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் அடங்கிய ஆசியான் நாடுகளின் பொது அழகுப்பொருள் நெறிமுறை 2008-ம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்க நிறுவனமான கிளெய்ரால், வீட்டிலேயே ஒரே முறையில் இடத்தக்க சாயத்தை வெளியிட்டது. 1956-ம் ஆண்டில் ஷெர்லி பாலிகாஃப் என்னும் பெண்மணி அதற்கு எழுதிய விளம்பரம் பெரும் புகழ் பெற்றது. இவள் சாயமிடுகின்றாளா, இல்லையா என்பது பிறர் அறியாத இரகசியம் என்பது அதன் கருத்து. அன்றுமுதல் சாயமிடுதல் நாடகக்காரர் வழக்கம் என்ற நிலை மாறி, குடும்பப் பெண்களின் வழக்கமாயிற்று. இரகசியம் பெரிதாக விற்பனையானது. ஆனால் எதை மறைக்க இரகசியம்? வயதாவது குற்றமென்றால், குற்றமற்றவர் இளமையில் மாண்டவர் மட்டுமே!

யார் கை கறுத்தது?

1975-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் என்னும் அறிஞரும் உடனிருந்தோரும், பெராக்சைடு கலந்து இடும் 169 வகை முடிச்சாயங்களை நுண்ணுயிர்களின்மேல் சோதித்தனர். அவற்றுள் 150, நுண்ணுயிர்களின் மரபுப்பொருளில் மாற்றம் விளைத்தன. அதன்பின் ஐயத்துக்குரிய பொருள்கள் சிலவற்றைத் தொழிற்சாலைகள் கைவிட்டன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர் குழு 2008-ம் ஆண்டில் கூடிச் சான்றுகளை ஆராய்ந்தது. தமக்கென்று சாயமிட்டுக்கொள்வோரைப் பற்றி முடிவுகூறப் போதிய சான்றில்லை என்றது. முடிதிருத்துவோராகவும் கூந்தல் ஒப்பனையாளராகவும் தொழில் செய்வோருக்கோ, அத்தொழிலே புற்றுநோய் விளைவிக்கக்கூடிய வாய்ப்பு மிகுந்தது என்று வகைப்படுத்தியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பற்றிய சான்றுகள் அம்முடிவுக்கு முதன்மையாக நின்றன.

இவ்விடத்தில் நம் சமுதாயம் தலைகுனிய வேண்டியதொன்று உண்டு. முடிதிருத்தும் தொழிலாளரைப் பிறப்பால் தாழ்ந்தவரென்று ஒதுக்கி வைத்தது நம் சாதி வழக்கம். அவர் கைபட்டால் தீட்டு என்றவர்கள், அவர் கையாலேயே தம் நரையை மறைத்துக்கொண்டனர். மாதத்துக்கு ஒருமுறை சாயமிட்டுக்கொள்பவர் அடையும் ஆபத்தைவிட, நாள்தோறும் பலர் தலைக்குக் கலந்து பூசுகின்றவர் அடையும் ஆபத்து பெரிது. ‘மென்மையானது’ என்று பொட்டலத்தில் அச்சிடும்போது, எவர் தலைக்கு மென்மை என்பதோடு எவர் கைக்கு மென்மை என்பதையும் கேட்கவேண்டாமா?

நாம் கொள்ளத்தக்கன

வரலாற்றைக் கேட்டபின் வழிமுறையும் வேண்டுமன்றோ? சாயமிட விரும்புவோர், நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னதாகக் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிச் சோதித்தல் வேண்டும். பலமுறை ஒத்துக்கொண்ட சாயமே ஒருநாள் ஒவ்வாமற் போவதுண்டு. ஆதலின் ஒவ்வொரு முறையும் சோதித்தல் நன்று. கறுப்பு மருதாணியால் கையில் கொப்புளம் கண்டவர்கள் நிலைச்சாயத்தை அறவே விலக்கல் வேண்டும். இமைக்கும் புருவத்துக்கும் தலைச்சாயத்தைத் தொடவே கூடாது.

முடி மெலிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் கூந்தல் முழுவதும் பூசாமல், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் பூசினால் போதும். முன்பு சாயமேறிய பகுதியை மீண்டும் திறந்து தேய்க்கவேண்டிய தேவையில்லை. செதிலைத் திறக்காமல் மேலே படிந்து, சில முழுக்குகளில் கழிந்துவிடும் சாயங்களும் உண்டு. அவை நரையை முற்றும் மறைக்காமல் மங்கச் செய்யும். மெல்லிய முடிக்கு அவை தரும் துன்பம் குறைவு. ஈரமுடி எளிதில் இழுபட்டு அறுமாதலால், அகன்ற பல்லுள்ள சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்தல் வேண்டும். சாயமிட்ட முடிக்குச் சூட்டுக்கோல் பகை. கடையில் சாயமிடுபவர் கையுறை அணியவும், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யவும் நாமே கேட்டுக்கொள்ளல் முறை. கையுறைக்காகச் சில காசு கூடுதலாகக் கொடுப்பதால் நமக்குக் குறைவொன்றும் வந்துவிடாது.

இவற்றையெல்லாம் செய்தபின்னும், சாயமே வேண்டாம் என்று வெண்முடியோடு நடக்கும் பெண்ணைக் கண்டால், ‘ஏன் இப்படிக் கிழவியாகிவிட்டாய்?’ என்று கேட்கும் வழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும். அக்கேள்வியே அவளை ஒவ்வாத சாயத்திடம் துரத்துகின்றது. ஈயப் பாத்திரத்தில் அட்டையை அழுகவிட்டவர்களும், கண்ணிமையில் தார்ச்சாயம் பூசியவர்களும் அறிவில்லாதவர்கள் அல்லர். பிறர் பார்வைக்கு அஞ்சியவர்கள். நரைமுடி புனைந்து வந்த இளவரசனின் சொல்லுக்குச் செவிசாய்த்த சமுதாயம், உண்மையான நரையோடு வரும் பெண்ணின் சொல்லுக்கும் செவிசாய்க்கும் நாள் வருமாயின், சாயக்கிண்ணம் கட்டாயமாக இல்லாமல் விருப்பமாக மட்டுமே நிற்கும்.